ஈரம் படாத வீடு

லான் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. இரும்புக் கதவுக்கு உள்பக்கம் போட்டிருக்கும் பழந்துணியில் இரண்டு காலையும் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். மழைநாளில் குடை வெளியே நிற்கும். ஒருமுறை நான் கழுவிய வெங்காயத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். நுனியிலிருந்து நாலு சொட்டு தரையில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டே குனிந்து, பேசிக்கொண்டே துடைத்து, பேசிக்கொண்டே என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் போட்டாள். பேச்சு ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை. பேசிக்கொண்டிருந்தது என்னைத் திட்டித்தான் என்பது வேறு விஷயம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. சந்தையில் அவள் மீன்கடைக்கு அடுத்தது என் கீரைக்கடை, அதனால் எனக்குத் தெரியும். விடியும்போது லாரி வந்ததும் அவள் ரப்பர் பூட்சை மாட்டினால், மாலையில் கடையை அலசிவிட்டுத்தான் கழற்றுவாள். தொட்டிகளில் தண்ணீர் எப்போதும் ததும்பிக்கொண்டே இருக்கும். மீனைப் பிடித்து, கட்டையில் வைத்து, கத்தியைத் திருப்பி மண்டையில் ஒரு போடு, செதிலைச் சுரண்டி, செவுளைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, குழாயைத் திருப்பி ஓர் அலசு. அந்தத் தண்ணீர் முழுக்க அவள் காலைச் சுற்றித்தான் போகும். பூட்சுக்குள்ளும் எப்படியோ இறங்கிவிடும். கால்விரல் எல்லாம் ஊறப்போட்ட சோயாப் பயறு மாதிரி வெளுத்து, தோல் உரிந்து, இடுக்கெல்லாம் புண். எத்தனையோ களிம்பு போட்டுப் பார்த்தாள். கால் காய்ந்தால்தானே ஆறும்.

"பகல் பூரா மீனோட மீனா நிக்கறேன், சாம் அக்கா. வீட்டுக்குப் போனாலாவது மனுஷியா இருக்க வேணாமா?" என்பாள்.

அதனால் அவள் வீட்டில் ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குளியலறைத் தரையில் நாம் நடு ஹாலில் உட்காருவது போல உட்காரலாம். குளிப்பது தொட்டிக்குள், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு. வெளியே வருவதற்கு முன் தொட்டிக்குள்ளேயே உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும். புருஷன் மாக் குவோங் தினமும் இதைச் செய்துகொண்டே, தனக்குக் கல்யாணம் ஆனது மீன்காரியோடா பூனையோடா என்று கேட்பான். தரையை அவள் வெளுப்புமருந்தில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பாள். வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என்பது அந்த வீட்டில் நடந்ததே இல்லை. எங்கள் கட்டடத்தில் அவள் வீடு உள்பட ஆறாம் எண் வீடுகளில் எல்லாம் சாக்கடை நெடி அடிக்கும் என்று பல வருடமாகப் புகார் உண்டு. அதற்காகவும், சுவர் ஈரத்துக்காகவும், குளியலறை ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை அவள் நிறுத்துவதே கிடையாது.

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு எட்டு வீடு. அவள் பதினான்காம் மாடியில் ஆறாம் எண், நான் அதே மாடியில் இரண்டாம் எண். மேலிருந்து கீழ்வரை ஆறாம் எண்களுக்கு எல்லாம் ஒரே கழிவுக்குழாய், இரண்டாம் எண்களுக்கு எல்லாம் வேறொன்று. இதை நான் அந்த வசந்தகாலத்துக்கு முன்னால் நினைத்துப் பார்த்ததே இல்லை. யார்தான் நினைப்பார்கள், தன் வீட்டுக் கழிவு எந்த வழியாகப் போகிறது என்று.

அது சார்ஸ் என்ற நுரையீரல் காய்ச்சல் வந்த வருடம். சுவரெல்லாம் வியர்த்து வடியும் பருவம். கண்ணாடியில் முகம் தெரியாது, துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது, மாட்டிவைத்த சட்டையில் பூஞ்சை பிடிக்கும். அதோடு எல்லா வீட்டிலும் அடுப்பில் வினிகர்க் காடியைக் கொதிக்க வைத்தார்கள், அதன் ஆவி கிருமியைக் கொல்லுமாம். கட்டடம் முழுக்க ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பது போல இருந்தது. முகமூடி போடாமல் லிஃப்டில் ஏறினால் அடித்துவிடுவார்கள்.

லானின் மகள் பிக்-யிங் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஊழியர். நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, படுக்கை மாற்றுவது, மலச்சட்டி எடுப்பது. அந்தக் காய்ச்சல் அவள் வார்டுக்குள் வந்ததும் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அங்கேயே ஊழியர் விடுதியில் தங்கிக்கொண்டாள். லான் மட்டும் கடை முடிந்ததும் தாமரைக்கிழங்கும் பன்றி எலும்பும் போட்டுக் கொதிக்க வைத்த சூப்பை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவாள். மகள் வந்து எட்ட நின்று, முந்தின நாள் ஃபிளாஸ்கைக் கழுவித் துடைத்து மதில்மேல் வைத்துவிட்டு, புதியதை எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்வதுகூட இல்லை.

பிறகு குவோங் விழுந்தான். மினிபஸ் ஓட்டுகிற ஆள், ஒரு நாளும் படுத்ததில்லை. முதலில் காய்ச்சல், கைகால் உளைச்சல். அப்புறம் வயிற்றுப்போக்கு. அதற்கப்புறம்தான் மூச்சு. ஆம்புலன்ஸ் ஆட்கள் வெள்ளை உடையில் வந்து நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது, லிஃப்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். முகமூடிக்கு மேல் கண்தானே தெரியும். அடுத்த சில நாளில் அவனுக்குத் தொண்டை வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. லானை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் காய்ச்சல் கண்டது எட்டாம் மாடியில் ஒரு வீடு, பதினொன்றில் ஒரு வீடு, பத்தொன்பதில் ஒரு வீடு. எல்லாம் ஆறாம் எண்.

ஆறாம் எண் என்பதை யாரும் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தது ஃபிளாஸ்கை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஃபுங், எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடு வைத்திருப்பவர், அவர்தான் அதை முதலில் சொன்னார். கீழே தபால்பெட்டி வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு, மெல்லிய குரலில், வருத்தத்தோடு சொன்னார். மாக் வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், அவள் தொட்ட ஃபிளாஸ்க் தினமும் நம் லிஃப்டில் ஏறுகிறது, அந்த அம்மா அதே கையால் பொத்தானை அழுத்துகிறாள், அதே கையால் நமக்கு மீனும் வெட்டிக் கொடுக்கிறாள். கேட்டவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. சாயங்காலத்துக்குள் அதுவே ஊர்ஜிதமான செய்தி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரையும் மேலே விடவேண்டாம் என்று காவலாளிக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கட்டடத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் லான் காதுக்குப் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். தினமும் அவள் இரும்புக் கதவுக்கு வெளியே கஞ்சியும் உப்புமீனும் வைத்துவிட்டு, எட்ட நின்று கொஞ்சம் பேசிவிட்டு வருவேன். ஆனால் ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. மகள் போனில் பேசினாளாம். "அப்பாவுக்கு நான்தாம்மா குடுத்தேன்" என்றாளாம். ஃபிளாஸ்கைச் சரியாகக் கழுவவில்லையாம். இனிமேல் அந்த வீட்டு வாசல்படி ஏறமாட்டாளாம், அப்பா பிழைத்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவர் படுத்திருப்பது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, இரண்டு தளம் மேலே. ஆனாலும் போய்ப் பார்க்க மாட்டாளாம்.

"அவ சொன்னா சொன்னதுதான். என் வயித்துல பொறந்தவ ஆச்சே" என்றாள் லான். அழவில்லை. புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போனதைவிட இது அவளை அதிகம் பிடித்து உலுக்கியது என்பது மட்டும் தெரிந்தது. புருஷன் விஷயம் வைத்தியர் கையில். இது யார் கையில்?

அதற்கப்புறம்தான் சுகாதாரத் துறையிலிருந்து லியூ என்றொரு அதிகாரி வந்தார். சின்ன வயசு, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, தடுக்கித் தடுக்கி நடந்தார். கூட இரண்டு பேர். வீடு வீடாக அவர்கள் கேட்ட கேள்வியில் கட்டடமே கொதித்துப் போனது. யாருக்கு இருமல், யார் எங்கே போனீர்கள் என்று கேட்டால் பரவாயில்லை. யாருக்கு வயிறு போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுகிறீர்களா, குளியலறைத் தரையை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், காற்றாடி ஓடுமா. பத்தொன்பதாம் மாடிக் கிழவர் கதவைச் சாத்திவிட்டாராம்.

அன்றைக்குக் கஞ்சி கொண்டு போனபோது லான் இதைத்தான் பேசினாள்.

"நெஞ்சுச் சளின்னு ஆளைக் கொண்டு போயிருக்காங்க. இவன் என்னடான்னா கக்கூசைச் சுத்திச் சுத்தி வர்றான். மூக்கு எங்க இருக்கு, அது எங்க இருக்கு? படிச்சவன்தானே?"

கோழிக்காய்ச்சல் வந்த வருடம் நம் சந்தைக் கோழிக்கடைக்காரன் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். கோழிக்குச் சளிநோய் வந்தால் அது எச்சத்தில்தான் இறங்கும், கீழ்க் கூண்டுக் கோழிக்கு அப்படித்தான் தொற்றும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அது கோழி. நாம கோழியா, அக்கா?" என்றவள், மேலே கூரையைப் பார்த்தாள், கீழே தரையைப் பார்த்தாள். "நம்மளை அடுக்கி வச்சிருக்கற லட்சணத்தப் பாத்தா கோழிதான் போலிருக்கு."

பல நாளைக்கு அப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுபடி அவர்கள் வந்தது புகையோடு. ஒரு தகர டப்பா மாதிரி இயந்திரம். ஏழாம் மாடி ஆறாம் எண் வீடு, அதில்தான் முதலில் ஓர் ஆள் விழுந்திருந்தான். குடியிருப்பவனே இல்லை. தம்பி வீட்டுக்கு வந்து தங்கியவன், வந்த இடத்தில் வயிற்றைக் கலக்கி, பேதியாகப் போய், அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவன். அந்த வீட்டுக் கழிப்பறைக் குழாய்க்குள் இவர்கள் வெள்ளைப் புகையை அனுப்பப் போகிறார்கள், அது எங்கெல்லாம் வெளியே வருகிறது என்று மற்ற மாடிகளில் ஆள் நின்று பார்ப்பார்கள். லான் வீட்டில் லியூவே வந்து நின்றார்.

அவள் வீட்டு இரும்புக் கதவுக்கு நேர் எதிரே குளியலறை. நான் என் வாசலை விட்டு நகர்ந்து, முகமூடியைச் சரிபண்ணிக்கொண்டு, தூணோரம் நின்றேன். யாரும் விரட்டவில்லை. வழக்கம்போலக் காற்றாடி ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று லியூ சொன்னார். அவள் அவரைப் பழந்துணியில் காலைத் துடைக்க வைத்துத்தான் உள்ளே விட்டிருந்தாள். காலில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார், அதையும் துடைத்தார், பாவம்.

தரையில் ஒரு மூலையில் தண்ணீர் போக ஒரு வாய் உண்டு, மேலே சல்லடை மூடி. அதைப் பளபளவென்று வைத்திருந்தாள், வெள்ளிக் காசு மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சல்லடை ஓட்டைகளிலிருந்து நூல் நூலாகப் புகை எழுந்தது. ஊதுவத்திப் புகை மாதிரி. எழுந்து, ஒன்றாகச் சேர்ந்து, வளைந்து, நேராகக் காற்றாடியைப் பார்த்துப் போனது. வழியில் கழுவுதொட்டி, அதன்மேல் குவோங்கின் பல்துலக்கும் கோப்பை. அதைச் சுற்றிக்கொண்டு போனது.

லான்தான் கேட்டாள், இது எப்படி என்று.

லியூ கையை வளைத்து முழங்கையைக் காட்டினார். சல்லடைக்குக் கீழே குழாய் இப்படி வளைந்திருக்கும், அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கதவு. தரையில் தண்ணீரே ஊற்றாவிட்டால் அது காய்ந்துபோகும். காய்ந்தால் கதவு இல்லை. அப்புறம் குழாய்க்குள் இருப்பது வீட்டுக்குள் வரும். காற்றாடி ஓடினால் உறிஞ்சிக்கொண்டும் வரும். அதோடு ஆறாம் எண் குழாயில் ஓரிடத்தில் விரிசல் வேறு இருக்கிறதாம்.

என் வீட்டையும் சும்மா பார்த்தார்கள். என் சமையலறையில் இடம் கிடையாது, மிச்சக் கீரையைக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துதான் அலசுவேன். எப்போதும் மண்ணும் தண்ணீருமாகக் கிடக்கும். லான் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். என் குழாயில் கதவு இருந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு குழாய், வேறு வரிசை. ஆனாலும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு தன் வீட்டுக் குளியலறைப் படியில் உட்கார்ந்தாள். லியூ மெதுவாகத்தான் பேசினார். பீயில் அந்தக் கிருமி இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிகிறது, குழாய் வழியாக வந்திருக்கலாம், வந்திருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியாது, லிஃப்ட் பொத்தான் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, ஆளுக்கு ஆள் தொற்றியிருக்கலாம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"தம்பி, ஃபிளாஸ்க்?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை. உங்களுக்கு? இல்லை. அப்படியானால் ஃபிளாஸ்க் வழியாக எட்டாம் மாடிக்கும் பத்தொன்பதாம் மாடிக்கும் ஆறாம் எண்ணுக்கு மட்டும் எப்படிப் போயிருக்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நான்தான் ஃபேனைப் போட்டேன்" என்றாள் லான், யாரிடமும் இல்லாமல். "நான்தான் துடைச்சேன்."

நான் கம்பிக்கு வெளியே நின்றேன். இப்போது உடைந்துவிடுவாள், உள்ளே போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் முடியாதே என்று தவித்தேன். அவள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். "சரி, சாம் அக்கா. அந்த போனை எடுத்து அவளுக்குப் போடணும்" என்றாள்.

போட்டாள். நான் இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டேன். அப்பனுக்குக் காய்ச்சல் வந்தது உன் கையால் இல்லை, ஏழாம் மாடிப் பீயாலும் என் துடைப்புத் துணியாலும் என்று, மீன்கடையில் விலை சொல்வது போலச் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் என்னவோ பதில். இவள் முகம் இறுகியது. போனை வைத்துவிட்டாள். அம்மா, நீ என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றாளாம். இருமல் கக்கூஸ் வழியாக வருமா, நான் வார்டில் இருப்பவள், எனக்குத் தெரியாதா என்றாளாம்.

"அவளை நம்ப வைக்கணும்னா முதல்ல இந்தக் கட்டடம் வாயை மூடணும். இவங்க பேசறதுதான் அவ காதுல விழுது" என்றாள்.

வீட்டுக்காவல் முடிந்த அன்று காலை அவள் செய்த முதல் வேலை கடைக்குப் போனது அல்ல. கீழே கூட்டம் போட்டிருந்தார்கள். தபால்பெட்டி வரிசைக்கு முன்னால், எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று, முகமூடிக்குள்ளிருந்து பேசிக்கொண்டு. வாசலில் பத்திரிகைக்காரர்கள். தலைவர் ஃபுங் பேசிக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றி அரசாங்கம் இன்னும் எதையும் முடிவாகச் சொல்லவில்லை, வெளியே யாரும் குழாய் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டாம், நம் வீடுகளின் பெயர் கெட்டுவிடும், அப்புறம் யார் வாங்குவார்கள், யார் குடி வருவார்கள். நோய் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

லிஃப்ட் கதவு திறந்தது. லான் ரப்பர் பூட்சில் நின்றாள். கூட்டம் தானாக விலகியது.

"எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலையே, தலைவரே. சொல்லுங்க, கேப்போம்."

அவர் குரலைத் தாழ்த்தி, மாக் வீட்டம்மா இப்போதுதான் வெளியே வந்திருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றார்.

"ஓய்வெல்லாம் நிறைய எடுத்துட்டேன். நான் சொல்றேன். என் வீட்டு பாத்ரூம் ஓட்டையிலருந்து புகை வந்துச்சு. ஏழாம் மாடியில விட்ட புகை. புகை வர்ற வழியில வேற எதுவும் வரும். ஆறாம் எண்ணுல இருக்கறவங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நாத்தம் அடிக்குதுன்னு எத்தனை வருஷமா இவர்கிட்ட சொன்னோம்?"

பதினொன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, அவள் மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மெல்லத் தலையை ஆட்டினாள்.

இப்படி அசிங்கமாகப் பேசவேண்டாம், வெளியே பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார் ஃபுங்.

"அசிங்கம் என்ன தலைவரே. நீங்க பேளறதில்லையா?" என்றாள். முகமூடிகளுக்குப் பின்னால் சிரிப்பு ஓடியது. அவள் சிரிக்கவில்லை. "ஏழாம் மாடி ஆளையும் நான் குத்தம் சொல்லல. அவன் தம்பி வீட்டுக்கு வந்தவன், வேணும்னேவா வந்து வயித்தால போனான்? நான் தரையைக் காய வச்சேன், அதுவும் குத்தமில்ல. சுத்தமா வச்சுக்கறது குத்தம்னா ஜெயில்ல இடம் போதாது. உடைஞ்ச குழாய மாத்தாம விட்டது யாரோ, அவங்க பேசட்டும். ஆனா எம் பொண்ணு பேரு இனிமே யார் வாயிலயாவது வந்துச்சு, அந்த வாயில மீன் செதிலை அள்ளிப் போடுவேன். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டே போடுவேன்."

நேராக வாசலுக்குப் போய், கேமராக்களுக்கு முன்னால் நின்று, குழாய் குழாய் குழாய் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். மறுநாள் பத்திரிகையில் அவள் முகம், பூட்ஸ் தெரிய. அன்றைக்கு அவள் கடையில் மீன் வாங்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் மீன் அப்படியே நீந்தின. மதியம் அவளே ஒரு கெளுத்தியை எடுத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்து, எனக்குப் பாதி கொடுத்தாள். "தின்னு அக்கா. சீக்கு மீன்" என்றாள். தின்றோம். நல்ல ருசி.

குவோங்கின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்த நாள், மழை விட்டு வெயில் அடித்தது. சாயங்காலம் நானும் லானும் சந்தையிலிருந்து திரும்பும்போது எங்கள் கட்டட வாசலுக்கு எதிர்ப்பக்கம், நடைபாதையில், பிக்-யிங் நின்றிருந்தாள். ஒல்லியாகிவிட்டாள். முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் காயமாகவே இருந்தது. அப்பாவை வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள், மாற்றுத் துணியும் செருப்பும் கேட்டிருக்கிறார்கள், எடுத்துவந்து கொடு, நான் இங்கேயே நிற்கிறேன் என்றாள்.

"வேணும்னா மேல வந்து எடுத்துக்க" என்றாள் லான்.

"அம்மா."

"அவர் துணி எது எங்க இருக்குன்னு எனக்கு ஞாபகமில்ல. பீரோவைத் திறந்து நீயே தேடு."

காவலாளி கதவுக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் லிஃப்டுக்காக நாலைந்து பேர், அதில் ஃபுங்கும் ஒருவர். பிக்-யிங் அவர்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நிச்சயமா தெரியுமாம்மா உனக்கு?" என்று கேட்டாள். சின்னக் குரல். "குழாயாலதான்னு நிச்சயமா தெரியுமா?"

நான் லானைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். கேமராவுக்கு முன்னால் அவ்வளவு சொன்னவள்தானே.

"தெரியாது" என்றாள் லான். "அந்த ஆபீசருக்கும் தெரியாது. நாளைக்கு வேற ஒண்ணு சொன்னாலும் சொல்லுவாங்க. ஆனா அந்த லிஃப்டுகிட்ட நிக்கறாரு பாரு, அவருக்கும் தெரியாது. தெரியாமலே உன்மேல போட்டாரு, நீயும் எடுத்துத் தலையில வச்சுக்கிட்ட. தெரியாம ஒருத்தன் போட்ட பழியைத் தெரியாமலே உன் அம்மா இறக்கி வச்சா, உனக்கு என்னடி கொள்ளை? வா."

பிக்-யிங் அசையவில்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. லான் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வார்டில் இருந்து நேராக வருகிறேன், தொடாதே என்று மகள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மீனைத் தொட்டியிலிருந்து எடுக்கிற கை அது, வழுக்குகிற எதையும் விடாது. சாலையைக் கடந்தார்கள், நான் பின்னால். காவலாளி எழுந்து வாயைத் திறந்தான். லான் நின்று அவனையே பார்த்தாள். அவன் உட்கார்ந்து, மேஜை டிராயரை இழுத்து எதையோ தேடத் தொடங்கினான்.

லிஃப்ட் வந்தது. காத்திருந்தவர்களில் முதலில் யாரும் ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். பதினொன்றாம் மாடிப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள், எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். ஏறினாள் அல்லவா, அது போதும்.

லான் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், வெறும் விரலால், கிருமிக்குப் பயந்து அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைமேல்.

"இடம் இருக்கு, தலைவரே. நீங்க இருபதாம் மாடி. நடந்தா மூச்சு வாங்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தபால்பெட்டியைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாத்துப் போங்க" என்றாள் லான், பொத்தானை விட்டு. பிக்-யிங்கின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.